‘ஓடும்’ என்று நான் சொன்ன பெட்டி

வீடுகளுக்கு பேட்டரியும் சோலாரும் பொருத்தும் தொழிலுக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்த கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும், பலகையை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் அதை என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரு டெலிபோன் பேச்சைப் பற்றி. ஒரு நிமிஷம்கூட நீடிக்காத பேச்சு. அதில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அப்படியும் ஒருவருடைய உயிர் போகப் பார்த்தது.

கிள்ளானில் லோரி பேட்டரிக் கடை வைத்திருந்தவன் நான். எண்பதுகளில் காப்பார் கரையோர மீனவர்கள் சிலர், படகு விளக்குக்குச் சோலார் பலகை கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். அவர்களுக்காகத் தேடிப் பிடித்து வாங்கப் போய்த்தான் எனக்கும் அது பழக்கமானது. பிறகு, மழைக்காலத்தில் கரண்ட் போனால் சமாளிக்க வழி உண்டா என்று வீடுகளிலிருந்து கேட்டு வந்தார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஜெனரேட்டர் வைக்க முடியாது. சத்தமும் புகையும் பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால் நானே ஒன்றைச் செய்தேன். இரண்டு பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர், இவற்றை வைத்துத் தள்ளிக்கொண்டு போகச் சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. கூடவே, கார் நிறுத்தும் இடத்துக் கூரைமேல் விரித்து வைக்க மடக்குப் பலகைகள் இரண்டு. வாங்கியவர்கள் அதை ‘பெட்டி’ என்றே சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று நாற்பது வீடுகளுக்குமேல் கொடுத்திருப்பேன்.

அதில் ஒரு வீடு எஸ்தர் டீச்சருடையது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. காப்பார் ரோட்டை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், வயதான அப்பாவோடு இருந்தார். அப்பா முப்பது வருஷம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக வேலை பார்த்தவர். டாக்டர் எப்போதாவது வந்து போகிற இடம் அது. மற்ற நாளெல்லாம் காயம் தைத்தது, பிரசவம் பார்த்தது, காய்ச்சலுக்கு மருந்து கலந்தது எல்லாம் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தார் அவரை டிரஸ்ஸர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் அவர்கள் பெட்டி வாங்கியது ஒரு மின்விசிறிக்கும் இரண்டு விளக்குக்கும்தான். எட்டு மணி நேரம் வரும் என்று சொன்னேன். அது சரியான கணக்கு. ஒரு வருஷம் கழித்து டிரஸ்ஸருக்கு நுரையீரல் மோசமானது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். சின்ன அலமாரி அளவு இருக்கும், கரண்டில் ஓடுவது. அந்த மெஷின் வந்த அன்று டீச்சர் கடைக்கு போன் செய்தார்.

“அண்ணே, அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்திருக்கு. கரண்ட் போனா நம்ம பெட்டியில சொருகலாமா? ஓடுமா?”

கடையில் மூன்று லோரிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். “எத்தனை வாட் போட்டிருக்கு, பின்னால பாருங்க” என்றேன். பார்த்துச் சொன்னார். இன்வெர்ட்டர் தாங்கும் அளவுதான்.

“ஓடும் டீச்சர். தாராளமா சொருகலாம்லா.”

“சரிண்ணே, ரொம்ப நன்றி.”

இவ்வளவுதான் பேச்சு. ஓடுமா என்று கேட்டார், ஓடும் என்றேன். எவ்வளவு நேரம் ஓடும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் என்று ஒரு வருஷத்துக்கு முன் சொன்னது அவர் மனதில் அப்படியே இருந்தது. அந்த மெஷினோ விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்து இழுப்பதைப்போல மூன்று மடங்குக்குமேல் இழுக்கும். இரண்டரை மணி நேரம் வந்தால் பெரிது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. டெலிபோனை வைத்துவிட்டு லோரிக்காரர்கள் பக்கம் திரும்பினேன், மறந்தும் போனேன்.

பல மாதங்களுக்குப் பிறகு கிள்ளானில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை காப்பார் ரோட்டுத் தாமான்களில் தண்ணீர் ஏறிவிட்டது. பாதுகாப்புக்காக அந்த வட்டாரம் முழுவதும் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நான் கடையைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. டீச்சர்தான்.

“அண்ணே, பெட்டி கீ கீன்னு கத்துது. சிவப்பு விளக்கு வந்திருச்சு. கரண்ட் போயி ஒன்றரை மணி நேரம்தான் ஆச்சு. எட்டு மணி நேரம் சொன்னீங்களே?”

பின்னால் அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. “என்னென்ன ஓடுது டீச்சர்?”

“மெஷின் ஓடுது. விசிறி, ரெண்டு லைட்டு. ஐஸ்பெட்டியும் போட்டிருக்கேன், அப்பா மருந்து உள்ள இருக்கே.”

“மெஷின மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் புடுங்கிடுங்க. ஐஸ்பெட்டியத் திறக்காதீங்க, மருந்து ஒண்ணும் ஆகாது. மெஷின மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க. பேட்டரி இருக்கிற நிலைமையில நிறுத்திட்டுத் திரும்பப் போட்டா, அது எழும்பாது.”

“சோலார் பலகைய மேல விரிச்சுத்தான் வச்சிருக்கேன்ணே. அது சார்ஜ் பண்ணிக்கிட்டே இருக்கும்தானே?”

வாசலுக்கு வெளியே பார்த்தேன். வானம் ஈயத் தகடு மாதிரி இருந்தது. “இந்த மேகத்துல அது குடுக்கிறது ஒரு விளக்குக்குக்கூட பத்தாது டீச்சர். நான் வரேன். தண்ணி வீட்டுக்குள்ள வந்திருச்சா?”

“வாசல்ல மூணு படி. ரெண்டாவது படி தொட்டிருச்சு.”

“தண்ணி உள்ள வந்து பெட்டிகிட்ட நெருங்கினா, தொடாதீங்க. மெஷினோட சுவிட்ச அடைச்சிட்டு ஒதுங்கிடுங்க.”

அதைச் சொல்லும்போதே அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். போனை வைத்தார்.

கடையில் முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரிகள் இரண்டு இருந்தன. அவற்றை வேனில் ஏற்றினேன். பக்கத்து மீன் கடையில் வெள்ளைத் தெர்மகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். அதில் பெரியதாக இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று அந்த நேரத்தில் யோசித்ததாக நினைவில்லை, கை தானாகப் போனது. வழியெல்லாம் ஒரே ஒரு சொல்தான் காதில் இருந்தது. தாராளமா. தாராளமா சொருகலாம் என்று சொன்னேனே.

தாமான் முனையிலேயே வேன் நின்றுவிட்டது. அதற்குமேல் தொடை அளவு தண்ணீர். முனை வீட்டுத் திண்டின்மேல் பாக் டின் என்கிற மலாய்க்காரர் நின்றுகொண்டு, தண்ணீரில் போகிறவர்களுக்கு எங்கே சாக்கடை என்று கை காட்டிக்கொண்டிருந்தார். டிரஸ்ஸர் வீட்டுக்கு என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் இறங்கி வந்தார். ஒரு தெர்மகோல் பெட்டிக்கு ஒரு பேட்டரி வைத்தோம். மிதந்தது, ஆனால் விளிம்புக்கு நாலு விரல்தான் மிச்சம். அவர் ஒன்றைத் தள்ள, நான் ஒன்றைத் தள்ள, நடந்தோம்.

“பெலான்-பெலான் பாஸ், இங்க பள்ளம்” என்றார். மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை கூட வந்தார். எங்கள் வட்டாரத்து மலாய்க்காரர்கள் பலருக்கு எங்களோடு பேசிப் பேசியே நாலு வார்த்தை தமிழ் வரும்.

வீட்டுக்குள் போனபோது மணி பத்து. பெட்டி கத்திக்கொண்டிருந்தது. டிரஸ்ஸர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் வேலை மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆக்சிஜன் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் மிதக்கும் சின்னக் குண்டு, டாக்டர் சொன்ன அளவில் பாதியில் நின்றது.

“அப்பாதான் குறைச்சு வச்சாரு, பேட்டரி மிச்சமாகும்னு” என்றார் டீச்சர்.

டிரஸ்ஸர் பக்கம் திரும்பினேன். “ஐயா, அதக் குறைச்சாலும் பேட்டரிக்கு ஒண்ணும் மிச்சம் கிடையாது. உள்ள இருக்கிற பம்ப் எப்பவும் ஒரே அளவுதான் ஓடும். நீங்க பாதி எடுத்தாலும் முழுசா எடுத்தாலும் கரண்ட் ஒண்ணுதான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, திருகைத் தானே பழைய அளவுக்குத் திருப்பினார். “அப்போ... ஒரு மணி நேரமா சும்மாவே கஞ்சத்தனம் பண்ணியிருக்கேன்” என்றார், மூச்சு வாங்கி வாங்கி. சிரிக்கக்கூடப் பார்த்தார்.

பேட்டரி மாற்ற மெஷினை நிறுத்தியாக வேண்டும். காலியானதோடு நிறைந்ததை அப்படியே சேர்த்துக் கட்டினால் கேபிள் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் கரண்ட் பாயும். “ஒரு நிமிஷம் மெஷின் நிக்கும் ஐயா” என்றேன்.

“ஒரு நிமிஷம் எனக்கு எண்ணத் தெரியும்” என்றார்.

புதிய பேட்டரிகளை முதலில் சாப்பாட்டு மேசைமேல் தூக்கி வைத்தேன், தண்ணீர் உள்ளே வந்தாலும் எட்டாத உயரம். கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். மெஷினை நிறுத்தி, இன்வெர்ட்டரை மேசைக்கு மாற்றி, கேபிளைக் கழற்றிப் பூட்டினேன். ஆயிரம் தடவை செய்த வேலை. டிரஸ்ஸர் கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, மெல்ல ஊதி ஊதி எண்ணிக்கொண்டிருந்தார். நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்த மூச்சு. அறுபத்தெட்டோ என்னவோ எண்ணும்போது மெஷின் திரும்ப ஓடியது. கத்தல் நின்றது.

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாக் டின் வாசலில் உட்கார்ந்து கால் சட்டையைப் பிழிந்தார். பத்து நிமிஷத்தில் டிரஸ்ஸரின் உதட்டில் நிறம் வந்தது. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“நல்ல வேளை வந்தீங்கண்ணே. இனிமே பயமில்லதானே?”

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மழை விட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடியலாம், கரண்ட் வரலாம். தண்ணீரில் பேட்டரி தள்ளிக்கொண்டு வந்தவன் நான். அந்த வீட்டில் அப்போது எனக்கு இருந்த பெயரை வைத்துக்கொண்டு, ‘பயமில்ல டீச்சர்’ என்று சொல்வது மிகச் சுலபம். வாய்வரை வந்தும்விட்டது. அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும், எனக்கும் ஆறுதலாக இருக்கும்.

“இது ரெண்டரை மணி நேரம் வரும் டீச்சர்” என்றேன். “ரெண்டரைன்னு கணக்கு வைக்காதீங்க, ரெண்டுன்னு வைங்க. இது இங்க இருக்கிறதுக்கான நேரம் இல்ல. இங்கேருந்து கிளம்புறதுக்கான நேரம்.”

டிரஸ்ஸர் தலையை ஆட்டினார். “நான் வரல. கரண்ட் வந்திரும்.”

“அப்பா...”

“முப்பது வருஷமா எஸ்டேட்லேருந்து ஆளுங்கள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பினவன் நான். எத்தனை பேரு திரும்பி வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். இங்கயே இருக்கேன். தம்பி இன்னும் ரெண்டு பேட்டரி கொண்டு வரட்டும்.”

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். “ஐயா, என்கிட்ட சார்ஜ் ஏறின பேட்டரி வேற இல்ல. இருந்தாலும், தண்ணி மூணாவது படிக்கு வந்திருச்சு. வீட்டுக்குள்ள வந்தா, பேட்டரி நிறைஞ்சிருந்தாலும் நான் நிறுத்தித்தான் ஆகணும். இன்னொண்ணு. ஓடுமான்னு டீச்சர் கேட்டப்போ ஓடும்னு சொன்னேன். எவ்வளவு நேரம்னு சொல்லல. தெரிஞ்சும் சொல்லல. தப்பு என்னோடது. அதே தப்ப இன்னைக்கும் பண்ணச் சொல்லாதீங்க.”

டீச்சர் அப்பாவைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். அப்போதுதான் நாற்காலிக்குப் பின்னால், சுவர் ஓரத்தில், சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நிற்பதைப் பார்த்தேன். முள் நிறைய என்று காட்டியது.

“இது எவ்வளவு நேரம் வரும்?” என்று டீச்சரைக் கேட்டேன்.

“அரை மணி நேரம்தான்ணே. பெட்டி கத்த ஆரம்பிச்சதுமே இத மாட்டிடலாம்னு சொன்னேன். அப்பா தொடவே விடல.”

உதடு நீலமாகி, பாதிக் காற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதும் தொடவிடவில்லை. நான் டிரஸ்ஸரிடம் கேட்டேன். “எதுக்கு ஐயா இத மிச்சம் புடிச்சு வச்சீங்க?”

அவர் சிலிண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லச் சொன்னார்.

“வழிக்குத்தான். ஆஸ்பத்திரி போற வழிக்கு.”

அதற்குப்பிறகு அவர் தகராறு செய்யவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவரே டிரஸ்ஸர், நாங்கள் அவருடைய ஆட்கள். மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி கார்டு, மாற்று உடுப்பு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு போன் செய்து ஆம்புலன்ஸை எந்த முனைக்கு வரச் சொல்வது என்று டீச்சருக்கு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். பாக் டின் தண்ணீரில் இறங்கிப் போய், கீழ் வரிசையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த பொம்பா படகைக் கூட்டி வந்தார். தீயணைப்புக்காரர்களின் ரப்பர் படகு.

படகில் வந்தவர்களில் ஒருவர், பெட்டியையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போகலாமே, ஓடிக்கொண்டே வரட்டுமே என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். முடியாது என்றேன். ஈரப் படகு, சுற்றிலும் தண்ணீர், நடுவில் வீட்டுக் கரண்ட் அளவு வோல்டேஜ். காப்பாற்றப் போன சாமானே எல்லாரையும் சேர்த்துக் கொன்றுவிடும். கடைசி நிமிஷம்வரை மெஷினில் வைத்திருந்து, படகு வாசலைத் தொட்ட பிறகு சிலிண்டருக்கு மாற்றினோம். மாற்றியது டிரஸ்ஸரே. சிலிண்டரை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடியே போனார்.

ஆம்புலன்ஸ் முனையில் நின்றது. அவர்களுடைய ஆக்சிஜனுக்கு மாற்றியபோது முள் சிவப்புக் கோட்டில் இருந்தது. நான் திரும்பிப் போய் எல்லா சுவிட்சையும் அடைத்துவிட்டு வந்தேன். மதியத்துக்கு மேல் அந்த வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். கரண்ட் மறுநாள் சாயங்காலம்தான் வந்தது.

நாலு நாள் கழித்து வார்டில் போய்ப் பார்த்தேன். நன்றாகத் தேறியிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் அந்தக் காலையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. நான் கிளம்பும்போது மட்டும் கேட்டார்.

“அந்தப் பெட்டிய எத்தனை வீட்டுக்குக் குடுத்திருக்கீங்க தம்பி?”

“நாப்பதுக்கு மேல இருக்கும் ஐயா.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

அவர் இன்னும் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். அன்று அந்தக் கேள்வியோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரத்திலிருந்து கடையை வாரத்துக்கு இரண்டு நாள் அடைத்துவிட்டு, வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். இப்போது பெட்டியில் என்னென்ன சொருகியிருக்கிறீர்கள் என்று கேட்டு, பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, உண்மையில் எவ்வளவு நேரம் வரும் என்று சொன்னேன். வந்த எண்ணிலும் கொஞ்சம் குறைத்தே சொன்னேன். செந்தூலில் ஒருவர், இதைச் சொல்ல இத்தனை நாளா என்று வாசலிலேயே சத்தம் போட்டார். இன்னொருவர் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், எடுத்துக்கொண்டேன். பலர் சும்மா தலையாட்டினார்கள். வாங்கிய சாமான் நினைத்ததைவிடச் சின்னது என்று தெரிந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

கடைசியாகப் போன வீடுகளில் ஒன்று பிரிக்பீல்ட்ஸில், மாடி வீடு. அந்த வீட்டு அக்காவின் கணவர் வாதம் வந்து படுத்த படுக்கையாகி மூன்று வருஷம். முதுகில் புண் வராமல் இருக்க, காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை ஒன்று போட்டிருந்தார்கள். அதன் பம்புக்கும் ஒரு விசிறிக்கும்தான் பெட்டி. நான் எட்டு மணி நேரம் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். பேட்டரி தேய்ந்து போயிருந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, “எட்டு வராதுக்கா, நாலுதான் வரும்” என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம் என்று நினைத்தேன்.

“நாலு மணி நேரம் நிச்சயமா வருமா?” என்று கேட்டார்.

“நிச்சயம் வரும்.”

“எப்போ நிக்குமோன்னு, கரண்ட் போனா நான் அது பக்கத்துலயே உக்காந்திருப்பேன் தம்பி. அந்தச் சின்ன விளக்கப் பார்த்துக்கிட்டே” என்றார். அலமாரியிலிருந்த அலாரம் கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “நாலுன்னா, மூணு வச்சுக்கிறேன். மூணு மணி நேரம் நான் படுத்துத் தூங்கலாம்.”